ஐந்நூற்று எண்பது வோல்ட்

கொசு பேட்டின் வயிற்றைத் திறந்து
சர்க்யூட்டை உருவிக்கொண்டேன்.
ரிச்சி தெருவில் எடைக்குப் போட்ட
துளைப் பலகை இரண்டு.
பூங்கொத்துக் கடையில் கேட்டு வாங்கிய
சரசரக்கும் தாள் ஒரு முழம்.

எம்ப்ராய்டரி வளையத்தில் அதை இழுத்துக் கட்டி
பென்சில் தூளைப் பஞ்சால் தேய்க்கையில்
கீழ்வீட்டு ஜெசிந்தா எட்டிப் பார்த்து,
"முறுக்கு டப்பாவுக்கு மூடியா?" என்றாள்.

மூன்று தடவை கிழிந்தது.
நான்காவது, மூச்சு பட்டாலே நடுங்கியது;
ஆனால் நின்றது.

ஐந்நூற்று எண்பது வோல்ட்.
அதற்கும் என் காதுக்கும் நடுவே
நெயில் பாலிஷ் ஒரு பூச்சு.
ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி
மாட்டினேன்.

முதலில் பாட்டு இல்லை, கடுகு வெடிக்கும் சத்தம்.
திருவொற்றியூர்க் காற்றின் உப்பீரம்
மின்னூட்டத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.
அரிசி டப்பாவில் ஓரிரவு புதைத்து வைத்தேன்.

மறுநாள்,
பதினோரு வருஷமாய்க் கேட்கும் அதே பாட்டில்
அவள் தொடங்குமுன்
உதடு பிரிவது கேட்டது.

திரும்பத் திரும்ப
அந்த உதட்டை மட்டும் கேட்டேன்.

வலது காதுக்கு இன்னும் செய்யவில்லை.
அதில் ஒரு கொசு பாடுகிறது.
அடிக்க பேட் இல்லை.