பதினோராம் பத்தி

ஓராண்டு நல்கை. மாதம் முப்பத்தைந்தாயிரம்.
நேர்காணலில் கேட்டார்கள், கட்டுரைகள் எத்தனை?
வாய்தாக்கள் என்றால் எண்ணிச் சொல்லியிருப்பேன்.

கட்டுகளை வேறு கைகளுக்கு மாற்றிவிட்ட அன்று
குமாஸ்தா சேதுராக்கு கேட்டது இவ்வளவுதான்:
"கோட்ட இங்கயே மாட்டிட்டுப் போறீகளா மேடம்,
கொண்டு போறீகளா?"

கோட்டு ஒத்தக்கடை ஆபீசில்
யானைமலை பார்த்த ஜன்னலில் தொங்குகிறது.
நான் கே.கே. நகரில்
இருபத்தெட்டு முகங்களுக்கு முன்னால்
சாக்பீஸோடு நிற்கிறேன்.
இடைமறிக்க எதிர்த்தரப்பு இல்லாத
ஐம்பது நிமிடம் எவ்வளவு நீளம்!
பழக்கதோஷம், முதல் நாள் வகுப்பைக்
"கனம் கோர்ட்டார் அவர்களே" என்று தொடங்கிவிட்டேன்.
சிரித்தார்கள். நல்லது.

இன்று தொழிலாளர் இழப்பீடு.
மேல்முறையீடு தள்ளுபடி. பதினோராம் பத்தி:
"இறந்தவர் பணியில் இருந்ததற்குச் சான்று இல்லை."
நேர்த்தியான பத்தி. தேர்வில் வரும், கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசையில் ரிஸ்வானா எழுந்தாள்.
"மனுதாரர் யாரு மேம்?"
பெயர் தீர்ப்பிலேயே இருக்கிறதே என்றேன்.
"பேரு இல்ல மேம். யாரு?"

ஒச்சம்மாள்.
மேலூர்ப் பக்கம் குவாரியில் புருசனைக் கொடுத்தவள்.
ஒவ்வொரு வாய்தாவுக்கும்
அவன் தூக்குச்சட்டியில்தான் சோறு கொண்டுவருவாள்,
எனக்கும் ஒரு கை வைப்பாள்.
மூடியில் பொறித்திருந்தது
குவாரிக்காரர்கள் கொடுத்த டோக்கன் எண்.
நான் தின்றேன்.
அதைச் சான்றாவணமாகக் குறியிடத் தோன்றவில்லை.
அப்போது எனக்கு முதல் வருடம்.

இதைச் சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

மணி அடித்துவிட்டது.
'சான்று' என்று பலகையில் எழுதியிருந்ததை
அழிக்கலாமா என்று கேட்டான் ஒரு பையன்.
அடுத்த வகுப்பு வரிச்சட்டம்.