வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு

ஆறு மணிக்கு, டானிங்டனில்
பரிசோதனைக் கூடத்தின் ஷட்டரைத் தூக்கினால்
பனி முதலில் உள்ளே வருகிறது,
பிறகுதான் போஜன்.
காக்கிச் சட்டை மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் மப்ளர்.
பின்னால் லிங்கி, சாட்சி சொல்ல.
"ஆறே முக்காலுக்கு மேட்டுப்பாளையம் வண்டி,
சீக்கிரம் குத்தும்மா."

குத்தினேன். விரல் நுனியில் ஒரு பொட்டு.
ஐந்து எண்ணுவதற்குள் இயந்திரம் சொல்லிவிட்டது.

பொய் என்கிறார்.
நேற்று எட்டு மணிக்கு ராகிக்களி, அவரைக் குழம்பு.
அப்புறம் தண்ணீர். அதுவும் சுடுதண்ணீர்.
லிங்கி தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள்,
தன் தலையில் அல்ல, அவர் தலையில்.

சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி.
பரீட்சையில் கேட்டிருந்தால் எனக்கு ஐந்து மார்க்.
இங்கே வாசலில் ஒரு வரிசை நிற்கிறது,
கையில் சிறுநீர்க் குப்பியோடு.

உங்களுடையதுதான், என்றேன்.
நீங்கள் தூங்கும்போது உங்கள் ஈரல் சமைத்தது.

மூன்று மணி இருந்திருக்கும்.
குப்பைத் தொட்டியைப் புரட்டிவிட்டுக் கரடி
தேயிலைக்குள் இறங்கிய நேரம்.
கணையத்திலிருந்து குளூக்ககான் புறப்படுகிறது.
ஈரலுக்குள் அது நுழைவதுகூட இல்லை,
வெளியே நின்று தட்டுகிறது, அவ்வளவே.
உள்ளே ஒருவன் இன்னொருவனை எழுப்ப,
அவன் அடுத்தவனை எழுப்ப,
கடைசியில் ஒரு நொதியின் முதுகில்
ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டுகிறது.
முகத்தில் நீர் தெளித்தாற்போல் விழித்துக்கொண்டு அது
கிளைக்கோஜனைக் கவ்வாத்து செய்கிறது,
நுனியிலிருந்து, ஒவ்வொரு சர்க்கரையாக.

அதே பாஸ்பேட்
சர்க்கரையைக் கோத்துக் கட்டும் நொதியின் மேல் விழுந்தால்
அது தூங்கிப்போகும்.
முத்திரை ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
சொன்னது வேறு:
சீசனில் ஏறக் குன்னூர், இறங்கக் கோத்தகிரி என்று
ஒருவழி விடுகிறார்களே, ஈரலிலும் அப்படித்தான்.
சாப்பிட்டால் சர்க்கரை உள்ளே, பட்டினியில் வெளியே.
இன்சுலின்தான் அங்கே போலீஸ்.

"போலீஸ் நிக்கிறாரா இல்லையா?"
நிற்கிறார். ஒருவருக்கு இரண்டு பேராக.
கையும் காட்டுகிறார்.
"பின்னே?"
ஈரலுக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடம் இந்த வளைவுகளில்
ஸ்டியரிங் ஒடித்தவர்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்,
ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.
"மிஸ்ட்டுல கை தெரியாதும்மா" என்றார்,
யாரையோ மன்னித்து அனுப்புவதுபோல.

ஒன்றை மட்டும் மறைத்தேன்.
போன மாத ஸ்கேனில்
ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது.

சர்க்கரை செய்வதை நிறுத்து. கொழுப்பைக் கட்டு.
இன்சுலின் அனுப்பும் கடிதத்தில் இப்படி இரண்டு வரி உண்டு.
முதல் வரியை அந்த ஈரல் படிக்கவே இல்லை.
இரண்டாம் வரியை
ஓர் எழுத்து விடாமல் நிறைவேற்றியிருக்கிறது.
இடுப்பிலோ, பூட்டச் சொன்ன கிடங்கைப் பூட்டாமல்
காவல்காரன் எங்கோ போய்விட்டான்.
கசிந்த கொழுப்பும் அதே ஈரலில்தான் போய் இறங்குகிறது.
எந்தக் காது செவிடாக வேண்டும் என்று
யார் முடிவு செய்தது?
படித்த காலத்தில் வாத்தியாரிடம் கேட்டேன்.
சிலபஸில் இல்லை என்றார்.

ஆறு முப்பத்தெட்டுக்கு ஓடினார் போஜன்.
லிங்கி மட்டும் திரும்பி வந்து
மெல்லக் கேட்டாள்: "அப்போ அது திருடித் தின்னலயே?"
இல்லை என்றேன்.
அவள் முகத்தில் வந்தது நிம்மதியா, ஏமாற்றமா?

வரிசை தீர எட்டரை.
எதிர்க்கடையில் ஒரு டீ, இரண்டு வர்க்கி.
நேற்று இரவிலிருந்து நானும் வெறும் வயிறுதான்.
முதல் வாய் இறங்கும்போதே
எனக்குள் யாரோ கையைத் தூக்கியிருப்பார்கள்.
அது எந்த அளவு தெரிகிறது என்று
பார்த்துவிடலாம்.
பெட்டி நிறைய ஊசி இருக்கிறது.

இரண்டாவது வர்க்கியைத் தோய்க்கிறேன்.