வெள்ளிக் கோடு

மாலை ஏழுக்கு பஸ் ஏறினால்
காலை ஏழுக்குத்தான் மறுபடி வானம்.
பத்து காவான் தொழிற்சாலையில்,
பத்தொன்பது டிகிரிக் குளிரில்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் நின்று
சூரியத் தகடுகள் மேல் கண் வைப்பது என் வேலை.
நீலச் சில்லில் ஓடும்
மயிரிழை வெள்ளிக் கோடுகள்
எங்காவது அறுந்திருக்கின்றனவா என்று.
பதினோரு வருஷம்.
வெயில் பிடிக்கும் வலையை
வெயில் படாமலே பின்னியிருக்கிறேன்.

சுங்கை பாக்காப்பில் மனை.
வீட்டை நாங்களே கட்டினோம், குத்தகைக்கு விடவில்லை.
மணல் லோரிக்காரனிடம்
தவனேசன் மலாயில் பேரம் பேசுவான்,
தமிழில் திட்டுவான்,
பிறகு சீனத்தில் மன்னிப்புக் கேட்பான்.
கூரை ஏறுமுன் காசு இறங்கிவிட்டது.

சிமெண்டுப் பையின் பின்புறம் கணக்கு:
கூரைக்குத் தகடு ஒன்பது, இருபத்தோராயிரம் வெள்ளி.
வெப்பப் பம்பு, இருநூறு லிட்டர் தொட்டியோடு,
ஆறாயிரத்து எழுநூறு.
தானாகத் திறக்கும் கேட்.
அதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தான்.

"இந்த ஊர்ல வெந்நீருக்கு ஒரு மெஷினா?
மத்தியானம் குழாயைத் திறந்தா
தேத்தண்ணியே கலக்கலாமே."
நான் பதில் பேசவில்லை.
வேலை விட்டு வந்த விரல்களை
அவன் பின்கழுத்தில் வைத்தேன்.
துள்ளி எழுந்தான்.
கேட் தானாகவே திறந்து
பட்டியலை விட்டு வெளியே போனது.

விற்க வந்த பையன் பெயர் யோங் ஹான்.
கூரை தெற்கே பார்த்தால்தான் நல்லது என்றான்,
கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து.
எந்த நாட்டுப் புத்தகம் தம்பி அது?
இங்கே சூரியன்
கொஞ்ச மாசம் வடக்கே சாயும், கொஞ்ச மாசம் தெற்கே,
மத்தியானம் வந்தால் எப்படியும் நம் உச்சந்தலைதான்.
மழைத்தண்ணி தூசியை இழுத்துக்கொண்டு ஓட
பத்து டிகிரிச் சாய்வு போதும்.

அப்படியானால் பேட்டரியாவது வாங்குங்கள் என்றான்.
பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்,
அத்தனை மின்சாரமும்?

நான் இருப்பேன்.

ஊரெல்லாம் பூட்டிய கதவுகளுக்கு மேலே
வெயில் தனியாய் உழைக்கும் நேரம்
எனக்கு நடுநிசி.
பகல் பன்னிரண்டுக்கு எனக்கு ஏர்கோன் வேண்டும்,
கறுப்புத் திரை வேண்டும்,
பக்கத்து வீட்டுச் சேவல் வாயை மூட வேண்டும்.
முதல் இரண்டையும் சூரியனை நம்பிச் செய்யலாம்.

தகடுகள் வந்த காலை நான் தூங்கப் போகவில்லை.
அட்டையைப் பிரித்து
கையுறை இல்லாமல், பதினோரு வருஷத்தில் முதல் தடவை,
கண்ணாடியின் மேல் உள்ளங்கை வைத்தேன்.
ஐந்தாவது தகட்டில், மேலிருந்து மூன்றாவது வரிசையில்
ஒரு கோடு அறுந்திருந்தது.
நகக்கீறல் அளவு.
யார் இதைத் தாண்டவிட்டது?
பெட்டியில் எங்கள் கம்பெனி முத்திரை.
பின்னிரவு நாலு மணிக்கு,
ஒரு கொட்டாவி முடியும் நேரத்தில்,
நானாகவும் இருக்கலாம்.

மாற்றித் தரச் சொல்லவா என்று கேட்டான் அஸ்ருல்,
ஏணியில் பாதி ஏறி நின்றபடி.
வேண்டாம், ஏற்று.
என் கட்டிலுக்கு நேர் மேலே வை.

இப்போது அடுக்களைக்குப் பின்புறம் தொட்டி நிற்கிறது.
பம்பு அடுக்களைச் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்கு ஊட்டுகிறது,
மிஞ்சிய குளிரை இந்தப் பக்கம் ஊதுகிறது.
அதன் மூக்குக்கு நேரே நாற்காலி போட்டு
தவனேசன் வெங்காயம் நறுக்குகிறான்.
சிரிக்காதே என்கிறான்.
போன மாச பில் நாற்பத்தொரு வெள்ளி.
கேட் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு பெயிண்டு டின்னும் ஒரு கயிறும்.

காலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன்.
கிழக்கே ஒற்றை வெள்ளி,
இன்னும் அணையவில்லை.
குளியலறையில் குழாயைத் திருப்பினால்
நேற்றைய மத்தியானம் வருகிறது.
ஒரு குவளை.
இன்னொன்று.
விரல்கள் திரும்பி வருகின்றன,
சுண்டுவிரல் கடைசியாக.