இருக்கலாம்

முப்பத்தாறு வயசு. சுகர் இல்லை, பிரஷர் இல்லை,
குடி இல்லை. பீடி மட்டும், நாளைக்கு மூணு.
சடையங்குப்பத்தில்
கீரைப் பாத்திக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தவர்
மண்வெட்டி நழுவியதும் அதைக் குனிந்து பார்த்தபடியே நின்றார்.
எடுக்கத் தோன்றவில்லை போல என்று நினைத்தேன்.
எடுக்கக் கை இல்லை என்று
ஆட்டோ மணலி மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

ஸ்டான்லியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள்.
மூளைக்குள் ஜவ்வரிசி.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி.
"புழு முட்டைம்மா. உள்ள போயி கூடு கட்டியிருக்கு.
பக்கத்துல ஓடுற ரத்தக்குழாய் வீங்கி
அடைச்சிருக்கலாம்."
இருக்கலாமா, இருக்குதா, என்றேன்.
என் மகளைவிடப் பத்து வயசு மூத்திருந்தால் அதிகம், அந்த டாக்டர்.
இருக்கலாம் என்றாள் மறுபடியும்,
கண்ணை எடுக்காமல்.

பன்னிக்கறி சாப்பிடுவாரா?
நாத்தனார் வார்டு அதிர எகிறினாள்:
"பதினோரு வருஷமா மலைக்குப் போற ஆளு. இன்னா கேக்குற நீ!"
"இவரு சாப்பிட்டிருக்கவே வேணாங்க.
சாப்பிட்ட ஒருத்தர் வயித்துல புழு இருந்தாப் போதும்.
அவங்க கழுவாத கை,
அவங்க வெளிக்குப் போன இடத்துத் தண்ணி,
அது பாஞ்ச கீரை..."

கீரை என்றதும் இவர் திரும்பினார்.
கோணிய வாயில் "அரை" என்றார்.
அரை, அரை.
சைக்கிளில் திருவொற்றியூர் வரை கூவி விற்ற சொல்லில்
மிச்சம் வரவில்லை.

வீட்டில் நாலு பேருக்கு நாலு டப்பா.
பேர் எழுதி, மூடி இறுக்கி, கறுப்புக் கவரில்.
மகன் சிரித்தான். மகள் மூக்கைப் பொத்தினாள்.
வெள்ளிக்கிழமை சீட்டு வந்தது.
அமுலு, பெண், 33. முட்டைகள் காணப்பட்டன.

அந்தக் கார்த்திகையில் கொசஸ்தலை ஏறி
பாத்தி, வாசல், அடுப்படி எல்லாம் முட்டியளவு.
தம்பி தூக்குச்சட்டியில் பச்சைக் கறி கொண்டுவந்தான்.
கேஸ் தீர்ந்து, ஈர விறகு புகைந்து,
முக்கால் வேக்காட்டில்
நானும் அவனும் பசிக்குத் தின்றோம். நல்லாத்தான் இருந்தது.
இவர் மாலையில் இருந்தார். சட்டியைக்கூடத் தொடவில்லை.
அதற்குப்பின் வந்த ஒவ்வொரு மண்டலமும்
தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் பொங்கி,
இந்தக் கையால்தான் பிசைந்து வைத்தேன்.

எனக்கு ஒரே வேளை மாத்திரை. போய்விட்டதாம்.
இவருக்கு ஃபிட்ஸ் மாத்திரை, வீக்க மாத்திரை,
பிசியோவுக்குச் செவ்வாயும் வியாழனும் இரண்டு பஸ்.

நான்தானா, என்று கேட்டேன்.
"கீரையாவும் இருக்கலாம், தண்ணியாவும் இருக்கலாம்,
டீக்கடையில யாராவும் இருக்கலாம்மா."
அந்த வரிசையில் என்னை மட்டும் விட்டுவிட்டாள்.
அதில்தான் எனக்குப் புரிந்தது.

நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன்.
ஒரு சோப்பு நாலு நாள் வருவதில்லை.
ரசஞ்சோற்றை ஸ்பூனில் நீட்டினால்
இடது கையால் தட்டிவிடுகிறார்.
என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டுக்கு இழுக்கிறார்,
பிசை என்பதுபோல.
வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்.

இருய்யா, என்று சொல்லிவிட்டுக்
குழாயடிக்குப் போகிறேன்,
இன்னொரு தரம்.