ஆளுக்கு எவ்வளவு

கட்டபெட்டு. மார்ச் முப்பத்தொன்று.
கொழுந்து மூட்டைகளின் ஈரம் பேரேட்டு விளிம்புவரை வந்துவிட்டது.
சங்கத்தில் பிரிக்க வேண்டிய தொகை
5,10,510.

இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்,
இத்தனை இணக்கமான எண்ணைக் கண்டதில்லை.
இரண்டு கேட்டது, கொடுத்தது.
மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று,
எதனோடும் ஒத்துப்போகாத பதின்மூன்றுகூட
மீதியில்லாமல் வாங்கிக்கொண்டு போனது.
அடுத்தடுத்த வீட்டு 714-ம் 715-ம்
பெருக்கிக்கொண்டாலும் இதே தொகைதான்.

"பதினேழுக்குப் போடுங்க" என்றார் ஹாலா கவுடர்.
30,030. சுத்தமாக.
"பாருங்க, எண்ணே சொல்லுது."

கதவோரம் நின்றார்கள்
மருதாயியும் ஞானசௌந்தரியும்.
தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பேத்திகள்,
போன ஆடியில் சேர்ந்தவர்கள்,
பதினெட்டு, பத்தொன்பது.

நான் பத்தொன்பதால் வகுத்தேன்.
ஆளுக்கு 26,868.
மேசையில் மிஞ்சியவை பதினெட்டு நாணயங்கள்.
கைகள் பத்தொன்பது.

தகரக் கூரையிலிருந்து மூடுபனி சொட்டியது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கவுடர் கோட்டுப் பையைத் துழாவினார்,
பீடிக்கட்டு, பஸ் டிக்கெட்,
கடைசியில் ஒரு ரூபாய்.
ஒன்றும் சொல்லாமல் உருட்டிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு தனியே போட்டுப் பார்த்தேன்,
5,10,511.
இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது.
மூன்றால், ஏழால், பதின்மூன்றால்,
அவருடைய பதினேழாலும்
அதே ஒன்று.
பழைய பங்காளிகள் ஒவ்வொருவரிடமும்
அந்த ரூபாய் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பத்தொன்பதில் மட்டும்
அது எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.