ஒரு சதுர மீற்றர்

அம்பகாமத்தில் பிளேன்டீ நேரம்.
கலைமதியின் போனுக்குள்
செவ்வாயில் குடியேறப் போகிறவர்கள்
கையசைக்கிறார்கள்.
"எங்கட உடுப்புத்தானடி" என்கிறாள்:
முகத்துக்குக் கண்ணாடி,
நெஞ்சுக்குக் கவசம்,
நிலத்துக்கு நோகாமல் வைக்கிற கால்.

அங்கேயும் மண் சிவப்பாம்.
அங்கே ஒருவரும் இன்னும்
எதையும் புதைக்கவில்லை.
கேட்க ஆசையாய்த்தான் இருந்தது.

விசில்.
முழந்தாளிட்டு விறாண்டுகிறேன்.
காலையிலிருந்து ஒரு பாயகலம்.
வேர்,
சோடாமூடி,
செருப்பு வார்,
பிறகு பச்சையாய்
சவர்க்காரக் கட்டியளவு ஒன்று.

கையை உயர்த்துகிறேன்.
பின்னால் சப்பாத்துகள் விலகிப் போகின்றன.

அதன் மூடியோடு ஒட்டி
பாலைக்கன்று,
இரண்டே இலை,
கத்திக்குத் தப்பியது எப்படியோ.

வியர்வை கண்ணாடியை மறைக்கிறது.
கொஞ்சம் பொறு என்கிறேன்,
எதற்கென்று தெரியவில்லை,
எந்தப் பக்கத்தால்
தொடங்குவதென்றும்.