சுண்ணாம்பு ஈரம்

போன வாரம் உன் சமையலறைச் சுவரில்
அடுப்புப் புகை ஏறிய தடத்தைப்
பாதி தீட்டி வைத்திருந்தேன், சிட்ஸல்.
கறுப்பென்றும் சொல்ல முடியாது, பழுப்பென்றும்.
மூன்று முறை கலந்து
மூன்று முறை சுரண்டிய நிறம்.

இன்று வந்தால்
சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. இன்னும் ஈரம்.
"கோபன்ஹேகனில் நாலு பேர் பார்ப்பார்களே" என்கிறாய்.
ஏணியைக் கழுவிக்கொண்டிருந்த லௌரிட்ஸ்
நான் நன்றி சொல்வேனென்று நிற்கிறான்.
சொன்னேன்.

நீயோ தேவாலயத்துக் கறுப்புடுப்பில்,
கழுத்துவரை பொத்தான்,
ஜன்னலோர நாற்காலியில்
வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி.
உருளைக்கிழங்குக் கூடை எங்கே என்றேன்.
ஒளித்துவிட்டாயாம்.
கையை எங்கே வைப்பது என்று கேட்கிறாய்;
இந்த வீட்டில் இருபது வருஷமாக
அந்தக் கைக்கு வராத சந்தேகம்.

தொழுவத்தில் செவலை கதறியது.
"ஒரு நிமிஷம்."
பாவாடையைத் தூக்கிச் செருகி
மரச்செருப்பில் கால் நுழைத்து
கதவைச் சாத்தாமல் ஓடினாய்.
வடகடல் வெளிச்சம் உள்ளே வந்து
நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது.
நாற்காலியின் வைக்கோல் பின்னலில் உன் பாரம் விட்ட பள்ளம்
அவசரமில்லாமல் நிமிர்ந்துகொண்டிருந்தது.
பின்னால், வெள்ளையில்,
உன் தோள் உரசிய கீற்று.

தூரிகையை எடுத்தேன்.

இருட்டும்போது
முழங்கைவரை ரத்தமும் வழும்புமாக வந்தாய்.
காளைக்கன்று, என்றாய்.
படத்தைக் குனிந்து பார்த்தாய்.
"இதில் நான் எங்கே?"
நான் வாய் திறக்குமுன்னே
உடுப்பின் தோளில் அப்பிய சுண்ணாம்பை
நகத்தால் சுரண்ட ஆரம்பித்திருந்தாய்.